அந்த இடத்தில் ஒரு நிறுத்தம்

அவள் நிறுத்தினாள். வாத்தியங்கள் நிற்கவில்லை.

மூன்றாவது வரியின் நடுவில், வாயைப் பாதி திறந்தபடி, கல்யாணப் பெண் மேடையில் காத்து நின்றாள். கீபோர்டும் தபேலாவும் அவளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டன. அவள் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பிரியாணிக்குக் காத்திருப்பவர்களின் லேசான சிரிப்புதான்.

முன்வரிசையில் பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது. காது சுட்டது.

பாட்டில் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. அது அவருடையது.

கல்லூரி விடுதியில் தொற்றிக்கொண்ட பழக்கம், கிட்டார். துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் விட்டார். கல்யாணமான பிறகு எடுத்தார். மகள் ஷெர்லின் பிறந்ததும் விட்டார், அவள் நடக்கப் பழகியபோது எடுத்தார். விட்டதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. எடுத்ததற்கு ஒன்றும் இல்லை. இப்படி விட்டும் தொட்டும் பாதி ஆயுள் போயிற்று. கை மட்டும் முன்னேறவில்லை. அதே பழைய பாட்டு, அதே மூன்றாவது வரி, அதே எஃப் கார்டு. அந்தச் சுரக்கூட்டுக்குச் சுட்டுவிரலை ஆறு கம்பிகள் மீதும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். அவர் விரல் லேசில் படுக்காது. புரளும், தடவும், இடம் தேடும். அதுவரை பாட்டு நிற்கும்.

குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். விரல் படிந்ததும் பாடுவாள்.

வளர்ந்த பிறகு ஒருநாள் செல்போனில் அசல் பாட்டைக் கேட்டாள். "என்னப்பா இவங்க, அந்த இடத்துல இப்படி அவசரப்படுதாங்க?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அவர் பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டிவைத்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெட்கக்கேடு.

மேடையில் மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

வாடகைக்கு வந்த இசைக்குழுவின் கிட்டார்காரர் கையைத் தூக்கினார். "நிறுத்தம் கிடையாதும்மா. நேரா போயிரும்."

"இல்லண்ணே, அங்க கொஞ்சம் நிக்கணும்," என்றாள் மைக்கிலேயே. "எங்கப்பா அப்படித்தான் வாசிப்பாவ."

அந்தக் குரலில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. அவருக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் சொன்னாள். ரகசியம் பேசுவதற்கென்று அமைந்த தொண்டை இல்லை அது. "நல்லாத்தான் பாடுதா. தாளந்தான் கொஞ்சம் எட்டல போல."

நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகிறவள். இனி அங்கே எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை வரும். காலத்துக்கும் அவள் தாளம் தெரியாத மருமகள். செய்தது இவர்.

"அப்ப அப்பாவையே கூப்பிடுங்க!" என்று மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் கத்தினான். கைதட்டினார்கள். கிட்டார்காரர் தன் கிட்டாரைக் கழற்றி நீட்டினார்.

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லாம் தெரிந்தவள். அடுப்படியில் நின்று அத்தனை வருடமும் கேட்டவள்.

கை வலி என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

எழுந்து போனார்.

"வாங்கப்பா," என்று ஷெர்லின் நகர்ந்து இடம் விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே கூசியது.

நல்ல கிட்டார். கம்பிகள் பலகையை ஒட்டித் தாழ இருந்தன. வீட்டில் இருந்ததற்குக் கழுத்து வளைந்து, கம்பிகள் தூக்கி நிற்கும். கடையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார்.

மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொண்டன. முதல் வரி. விரல்களைப் பார்த்தபடியே வாசித்தார். மகளின் குரல் நடுங்கவில்லை.

இரண்டாவது வரி.

மூன்றாவது வரியின் நடுவில் சுட்டுவிரல் போய்ப் படுத்தது.

உடனே படுத்தது. ஆறு கம்பிகள் மீதும், முழுசாக. மீட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, சுத்தமாகக் கேட்கும் என்று. வாழ்க்கையில் முதல் தடவை.

வலது கையை ஒருமுறை இறக்கினால் போதும். பாட்டு நேராகப் போய்விடும். மண்டபமே வாயடைத்துப் போகும்.

பக்கத்தில் ஷெர்லின் நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலை எடுத்தார்.

மறுபடி வைத்தார். புரட்டினார். தடவினார். நெற்றியைச் சுருக்கி இடம் தேடினார். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அத்தையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அட, அப்பாவுக்குத்தான் வரல!"

காது மறுபடி சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு மீட்டினார்.

மகள் தாளம் தப்பாமல் வந்து சேர்ந்தாள்.