கோயில் வாசலில் முதல் வேளை

புட்டியில் மருந்து கோடு தவறாமல் இறங்கியது. ஆரோக்கியத்தின் குளிர்காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

இது எப்படி என்று அவள் புருஷன் அமலநாதனுக்கு விளங்கவேயில்லை.

புட்டியின் பக்கத்தில், ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. விடிந்து எழுந்ததும் குடிப்பதுதான் முக்கியமான வேளை. நடுப்பகலில் குளிர் வந்து ஆளைக் குலுக்குமுன் புட்டியிலிருக்கும் கொயினா மருந்து இரத்தத்தில் ஏறி நிற்க வேண்டும்.

போன தடவை வந்த குளிரில் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. இன்னொன்றைத் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அமலநாதன் அவளையும் அழைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், புட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

"தண்ணியில சாயம் கலந்து குடுக்கிறியா, லூயிசு?"

மருந்து கலக்கும் லூயிஸ் புட்டியைக் குலுக்கி, அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். "நக்கிப் பாரு முசியே, அப்புறமா குதி."

நக்கினான். கசப்பு காதுவரை ஏறியது.

மருந்து சரி. அவன் கோபம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியத்தின்மேல் திரும்பியது. "நீ குடிக்கிறியா, கொட்டுறியா?"

"காலை வேளைய வாய்க்கால்லதான் ஊத்துறேன்" என்றாள்.

காய்ச்சல் தீர வேண்டி மாதாவுக்கு ஒன்பது நாள் வேண்டுதலாக நவநாள் பிடித்திருந்தாள். தினமும் விடியற்காலைப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும். நன்மை வாங்குகிறவர் நடுச்சாமத்திலிருந்து எதையும் விழுங்கக் கூடாது, மருந்தும்தான். பூசை முடிவதற்குள் 'எழுந்ததும்' என்ற வேளை போய்விடும். தவறிய வேளையைப் பிறகு குடிக்காதே என்று சொன்னவரே டாக்டர்தான்.

"புட்டியில மீந்தா நீங்க கத்துவீங்க, அதான் ஊத்துனேன். பூசைக்குப் போவியான்னு டாக்டரு கேட்டாரா? லூயிசு அண்ணன் கேட்டாரா? அவரும் அதே பூசையிலதான முட்டி போடுறாரு! நீங்க தெனமும் என்னை எழுப்பி என்னா சொல்றீங்க? அத இங்க சொல்லுங்களேன்!"



தினமும் அவளை இருட்டோடு எழுப்பிவிடுகிறவன் அமலநாதன். அவள் வாய் கொப்புளிக்கும்போது பக்கத்திலேயே நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கிவிடக் கூடாது என்று எச்சரிக்கிறவனும் அவன்தான்.

லூயிஸ் டாக்டரிடம் ஓடிக் கேட்டு வந்தான். புட்டிச் சீட்டில் 'எழுந்ததும்' என்பதை அடித்து, 'பூசை முடிந்ததும்' என்று எழுதினான்.

மறுநாள் கோயில் வாசலில் அமலநாதன் மருந்தை ஊற்றினான். லூயிஸ் பார்த்துக்கொண்டு நின்றான். ஆரோக்கியம் குடித்தாள்.