மாமி கூப்பிட்ட பெயர்

தூத்துக்குடி முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஜானா, ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து வந்த செனுஃபோ இனத்தவன். வீட்டில் அவன் பிரெஞ்சில் பேசுவான். மனைவி பிலோமியின் காதுக்கருவி அதைத் தமிழில் சொல்லும். அவள் பேசும் தமிழ் அவனுக்குப் புரியும். அவனுடைய தாய்மொழி எந்தக் கருவிக்கும் தெரியாது. அம்மாவோடு போனில் பேச மட்டும் மொட்டைமாடிக்குப் போய்விடுவான்.

ஒரு காலையில் அம்மா இறந்த செய்தி வந்தது. ஜானா அடுப்படியிலேயே உட்கார்ந்து தன் மொழியில் அரற்றினான். கருவி மௌனமாக இருந்தது. பிலோமி அதைக் கழற்றி வைத்தாள்.

அவன் குரல் ஒரே சொல்லுக்குள் மேலேறி, இறங்கியது. சில எழுத்துகளில் உதடும் தொண்டையும் சேர்ந்தே அடைத்துத் திறந்தன. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் இந்தக் குரலைக் கேட்டதில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

கருவியை அவனே எடுத்து அவள் காதில் மாட்டினான்.

"அம்மா மாதிரி என் பேரைச் சொல்ல இனி யாருமில்ல."

"மாமி எப்படிக் கூப்புடுவாவ? சொல்லுங்களேன்."

சொன்னான். அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"இல்ல. கடைசியில குரலைக் கீழ இறக்கிட்ட. அது வேற சொல்லு."

ஏறும் இடத்தில் கையை உயர்த்திக் காட்டினான். பலமுறை சொல்லியும் அவளுக்கு வரவில்லை. அவன் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினான்.

அவன் முதுகைப் பார்த்தபடி பிலோமி இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

திரும்பாமலே, தன் மொழியில், "இதோ வர்றேன், அம்மா" என்பதுபோல் ஏதோ பதில் சொன்னான். பிறகுதான் கூப்பிட்டது யாரென்று திரும்பிப் பார்த்தான்.