ஒரே நேரத்தில் கேட்காதவரை

ஆக்னஸ் கண்காணித்துவந்த சர்வர் ஒரு பொய்யை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. தனக்குள் இயங்கிய பத்து மெய்நிகர் கணினிகளுக்கும் அது வாக்களித்திருந்த நினைவகத்தைக் கூட்டினால், தன்னிடம் இருப்பதைப்போல இரண்டு மடங்கு வரும். பத்தும் ஒரே நேரத்தில் கேட்காதவரை திரையில் எல்லாம் பச்சைதான்.

காலையில் மேனேஜர் சடகோபன் அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அடுத்த டீம் லீட் நீங்கதான் ஆக்னஸ். வெளிய மூச்சு விட்டுடாதீங்க" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். பக்கத்தில் நாசர் என்றுமில்லாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்த வாசுகி மைசூர்பாகு டப்பாவை நீட்டினாள்.

"என்ன விசேஷம்?"

"சும்மாதான்."

ஆக்னஸ் பாதி கடித்த இனிப்போடு நாசர் பக்கம் திரும்பினாள்.

"நாசர், சார் உங்களக் கூப்பிட்டாரா?"

"சேச்சே, இல்லையே. உங்கள?"

"இல்லையே."

திரை பச்சையாகவே இருந்தது.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி, சடகோபனோடு உள்ளே நுழைந்ததும் கேட்டார்:

"இங்க புது டீம் லீட் யாரு? கொஞ்சம் எந்திரிங்க."

மூன்று நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன.

சடகோபன் கண்ணாடியைக் கழற்றினார்.