கேபிள் மறந்து வந்தவன்

வண்டியில் ஏறி பெல்ட் மாட்டுவதற்குள் பிரிட்டா ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, வெஸ் கார்ல சீட்டே சூடாகும் தெரியுமா? கதவுக்குக் கீழ நீல விளக்கு எரியும். பின்னாடி உட்கார்ந்தே போனுக்கு சார்ஜ் போடலாம்."

டாரல் சாவியை வெடுக்கென்று திருப்பினான். வெஸ், அவனுடைய முன்னாள் மனைவி ஜோலீனின் இப்போதைய கணவன். வாரம் முழுக்கப் பிரிட்டா அவர்கள் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை மட்டும், அதுவும் நாலு மணி வரை, டாரலிடம்.

"நம்ம கார்லயும் எல்லாம் இருக்கும்மா. இதோ பாரு."

வாரம் முழுக்கக் கடைகடையாய் ஏறி வாங்கியிருந்தான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் மூன்று கிளையுள்ள ஒரு பிளக். அதில் சூடேற்றும் மெத்தை, போன் வயர், கோகோ ஆறாமல் இருக்க ஒரு கோப்பை.

டுலூத் நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பிரிட்டா மூக்கைச் சுருக்கினாள்.

"அப்பா, ஏதோ கருகுது."

ஓரங்கட்டிப் பார்த்தான். பிளக் கைவைக்க முடியாமல் கொதித்தது. மெத்தையையும் கோப்பையையும் பிடுங்கிப் போட்டு, போன் வயரை மட்டும் விட்டுவைத்தான்.

"வெஸ் சொல்வார், ஒரு ஓட்டையில ஒண்ணுதான் மாட்டணும்னு."

"வெஸ் வேற என்னெல்லாம் சொல்வார்?"

குரலில் இருந்த காரம் பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏரி வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உறைந்த ஏரியின்மேல் வாடகைப் பலகைக் குடில். உள்ளே அடுப்பு, இரண்டு ஸ்டூல், பனிக்கட்டியில் துளைத்த ஓட்டை. அங்கே போனதும் எல்லாம் சரியாகிவிட்டது. பிரிட்டா மூன்று பெர்ச் மீன் பிடித்தாள். டாரலுக்கு ஒன்றுகூட மாட்டவில்லை.

"மீனுக்கு உங்களைப் பிடிக்கலைப்பா."

"மீனுக்குமா?" என்றான். அவள் சிரித்தாள்.

மூன்று மணிக்குக் கரைக்கு வந்து சாவியைத் திருப்பினால், வண்டி 'டிக் டிக்' என்றதோடு சரி. பேட்டரி செத்துக் கிடந்தது.

பிளக்கில் விட்டுவைத்த போன் வயர்தான் உறிஞ்சியிருக்கும் என்று டாரல் நினைத்தான். அந்த வெஸ்ஸுக்குப் போட்டியாக வாங்கப் போய், வெஸ்ஸையே உதவிக்குக் கூப்பிடும்படி ஆயிற்று. ஜோலீனுக்குப் போன் போட்டான். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, "அவரை அனுப்பறேன்" என்றாள்.

வெஸ் வந்து சேர்ந்தான். பெரிய கறுப்பு வண்டி. சூடான சீட்டிலிருந்து நீல வெளிச்சத்தில் இறங்கினான். டாரலின் பழைய வண்டிக்குள் தலையை விட்டு இப்படியும் அப்படியும் பார்த்தான். பிரிட்டா பக்கத்திலேயே நின்றாள்.

"பேட்டரிதான்" என்றான் வெஸ். அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க டாரல். ஜம்பர் கேபிளை வீட்டிலேயே விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வந்துடறேன்."

டாரலுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். சீட்டைச் சூடாக்கத் தெரிகிறது, நடுக் குளிர்காலத்தில் ஒரு கேபிள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"இவ்வளவு பெரிய வண்டியில கேபிள் இல்லையா?"

"மறந்துட்டேன்" என்றான் வெஸ், தலையைக் குனிந்துகொண்டு. "நீங்க குடில்லயே உட்காருங்க, இங்க குளிரும். ஜோலீன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வண்டி பைன் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

"உங்க வெஸ்ஸுக்கு ஞாபகமறதி போலிருக்கே" என்றான் டாரல். பிரிட்டா அவன் கையைப் பிடித்துக் குடிலுக்கு இழுத்தாள்.

பிடித்த மீனைச் சுட்டுத் தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் தன்னை யார் கேலி செய்கிறார்கள் என்று அவள் சொன்னாள். யாரிடமும் இதுவரை சொன்னதில்லையாம். அவன் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணி எப்போது தாண்டியது என்றே டாரலுக்குத் தெரியவில்லை.

இருட்டும் நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வெஸ் தன் பேட்டரியிலிருந்து டாரலின் பேட்டரிக்குக் கேபிளை மாட்டினான். டாரலின் வண்டி உறுமி எழுந்தது. பிரிட்டா அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டுவிட்டு, கறுப்பு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் டாரல் கவனித்தான். வெஸ்ஸின் வண்டியின் என்ஜின் மூடியின்மேல் விரல் ஆழத்துக்குப் பனி. ஊர்வரை ஓடித் திரும்பிய வண்டியாக இருந்தால், என்ஜின் சூட்டில் அது எப்போதோ கரைந்து வழிந்திருக்கும்.

"நீங்க ஊருக்குப் போகவே இல்லை."

வெஸ் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "இல்லை. அந்த மரத்துக்குப் பின்னாடிதான் நிறுத்தியிருந்தேன். என்ஜின் ஓடினா புகை தெரியுமேன்னு அணைச்சுட்டேன்." அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எங்களைக் காக்க வச்சு வேடிக்கை பார்த்தீங்களா?"

"உங்க பிளக் மேல தப்பில்லை, டாரல். சாவியை எடுத்ததும் அதுக்குக் கரன்ட் போகாது. உங்க பின்சீட்டு விளக்கு எரிஞ்சு தீர்ந்திருக்கு. சுவிட்சை யாரோ கையால போட்டிருந்தாங்க. அதை நான் பார்த்ததை அவளும் பார்த்தா. முகம் வெளுத்துப் போச்சு."

டாரல் கறுப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"நாலு மணியைத் தள்ளிப்போட அவளுக்கு வேற வழி தெரியலை" என்றான் வெஸ். "விளக்கு எரிஞ்சா பேட்டரி இறங்கிடும்னு சொல்லிக் கொடுத்தவனே நான்தான். என் கார்லேர்ந்து இறங்கும்போது மட்டும், எல்லா விளக்கையும் மறக்காம அணைச்சுட்டுத்தான் இறங்கறா."