கைநழுவி

"அண்ணி, இந்தக் குமிழியெல்லாம் மேலே ஏறி எங்கே போகுது?"

பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில் நாத்தனார் கேட்ட கேள்வி அது. அப்போது புதுப்பெண்ணாக இருந்த அண்ணி, ஒயின் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "வந்த இடத்துக்கே போகுது. கடவுள்கிட்ட" என்று சொல்லி வைத்தாள்.

இன்றைக்கு ஏனோ அது நினைவுக்கு வந்தது. அண்ணி சமையலறை வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். வரிசையாக நின்ற கோப்பைகளில் ஒன்றில் மட்டும், மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த புட்டியிலிருந்து அவசரமாக ஊற்றினாள்.

கணவனின் பிறந்தநாள். வருஷா வருஷம் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் அவள் கையால் ஒரு பானம் உண்டு. கோப்பையின் அடியில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் கசப்புச் சாறு சில சொட்டு. பிறகு கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக வழியவிடும் குளிர்ந்த நுரை ஒயின். கடைசியில் ஆரஞ்சுத் தோலை ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் முடிந்தது.

"மருந்துக்கடைக்காரர் மாதிரி சொட்டு சொட்டா ஊத்துறா. நான் குடிக்கிறதுக்குள்ள அடுத்த பிறந்தநாளே வந்துடும்" என்று கூடத்தில் கணவன் சொல்ல, விருந்துக்கு வந்திருந்த அவன் சித்தி சிரிப்பது கேட்டது.

ஒளித்துவைத்த புட்டியில் இருந்தது ஆப்பிள் சாறு கலந்த சோடாதான். நிறத்திலும் நுரையிலும் வித்தியாசம் தெரியாது. நாத்தனார் முழுகாமல் இருந்தாள். கப்பலில் எஞ்சினியராகப் போயிருக்கும் அவள் கணவனையும் அண்ணியையும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழியட்டும் என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணியின் மாமியாரான அந்தத் தாய்க்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. இன்று கோப்பையை வேண்டாம் என்று சொன்னாலே போதும், கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணி அந்தக் கோப்பையின்மேல் உள்ளங்கையை வைத்து, நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவளுக்கும் முதலில் ஒன்று தங்கி, தங்காமல் போனது. பிறகு கடவுள் ஒரு மகனைக் கொடுத்தார். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த நாள் மறக்கவில்லை. கூடம் நிறைய உறவுக்காரர்கள், ஆறுதல் என்ற பெயரில் ஆளுக்கொரு ஊசி. அழவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தபோது, சின்னப்பெண்ணாக இருந்த நாத்தனாரின் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து நொறுங்கியது.

எல்லோரும் சிறுமியைத் திட்டத் திரும்பினார்கள். அந்தச் சந்தடியில் அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தீர அழுதாள். "கை தவறிடுச்சு" என்று தலைகுனிந்து நின்ற சிறுமிக்கு அன்று முதல் வீட்டில் 'கைநழுவி' என்றே பெயர்.

கைநழுவி வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. விசேஷம் உண்டா என்று சித்தி வழக்கம்போல் நோண்டியதற்கு, லேசாகச் சிரித்து வைத்தாள். போன வாரம் காபி வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இன்று அம்மா கொடுத்த காபியை முழுவதும் குடித்தாள். மசக்கை தெளிந்துவிட்டது என்று அண்ணிக்கு நிம்மதி.

கோப்பைகள் வைத்த தட்டை அண்ணி தூக்கப் போகும்போது கைநழுவியே சமையலறைக்குள் வந்தாள்.

"இது உன்னுது. ரெண்டு தோல் போட்டிருக்கேன் பாரு, மாத்தி எடுத்துடாதே" என்று அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு நீட்டினாள்.

கைநழுவி அதை வாங்கவில்லை. "எனக்கும் ஒயினே ஊத்துங்க அண்ணி."

"ஏண்டி, விளையாட இதுதான் நேரமா?"

"போயிடுச்சு அண்ணி." கோப்பைக்குள் ஏறிக்கொண்டிருந்த குமிழிகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "முந்தாநாள். வந்த இடத்துக்கே."

அண்ணி கோப்பையை மேடைமேல் வைத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்தாள். அந்தக் கை பட்டதுதான் தாமதம், அதுவரை பிடித்து வைத்திருந்த முகம் உடைந்துபோனது.

"அங்கே என்ன ரகசியம், ரெண்டு பேருக்கும்?" என்றபடி மாமியார் நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கைநழுவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

அன்று அந்த டம்ளர் விழுவதற்கு முன், சிறுமி அண்ணியின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல்களை மெல்ல விரித்தாள். அதைக் கண்டது அண்ணி ஒருத்திதான். இத்தனை வருஷமும் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆப்பிள் சாற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அண்ணி விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்தாள். மாமியாருக்கு எதிரே, கூடத்தின் நட்டநடுவில் நின்று விரல்களை விரித்தாள்.

எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்யாணப் பரிசாக வந்த செட்டு பாழாகிவிட்டதே என்று மாமியார் அங்கலாய்த்தார். தங்கையின் வியாதி இவளுக்கும் ஒட்டிக்கொண்டதா என்று கணவன் கேட்க, சித்தி காலைத் தூக்கிக்கொண்டு துடைப்பம் எங்கே என்றாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணி தலைகுனிந்து நின்றாள்.

"கை தவறிடுச்சு, அத்தை."