முடியாத லீவு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு லீவு போட்டால் போதும், அன்றைக்கே காய்ச்சல் வந்துவிடும். வேலைக்குக் கிளம்ப கம்பெனிச் சட்டையை மாட்டியதும் இறங்கிவிடும்.

"காய்ச்சலுக்கே உங்க மேனேஜரைக் கண்டா பயம் போல," என்பாள் மனைவி.

லீவு நீண்டால் காய்ச்சலும் ஏறும். மகளின் பிரசவத்துக்காக அவர் லீவு எடுத்தபோது காய்ச்சலில் நினைவே தப்பியது. மனைவிதான் அழுதுகொண்டே அந்தச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டாள்.

இன்று ஓய்வு பெற்றார். சட்டைகளைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது.

பிரிவுபசார விழாவுக்குக் கூடவே வந்திருந்த மனைவி, வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு! காய்ச்சலும் ரிட்டயர் ஆயிடுச்சுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பயம் விட்டுப்போயிற்று.

"கொஞ்சம் படுங்க. டீ போடறேன்."

படுக்கையறை விளக்கைப் போட்டார். காலையில் மடித்து வைத்த போர்வை விரிந்து கிடந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது. தொட்டார். சுட்டது.

"இங்க யாராவது வந்து படுத்தாங்களா?"

"பூட்டின வீட்டுல யாருங்க வந்து படுப்பா?" என்றாள் அடுப்படியிலிருந்து.

போர்வையின் ஓரம், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடுவதுபோல், மெல்ல விலகியது.