மிதிக்கிற கால்

எதிர்வீட்டு வாசலில் காயும் அரக்குப் பட்டு நூலின் மேல் சாயங்கால வெயில் படுகிறது. அண்ணன் கலியன் இறந்ததிலிருந்து ஆறு மாதமாக அசையாமல் நிற்கும் காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குந்தியிருக்கிறான் பாண்டியன். சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடக்கிறது. கலியனின் மகளுக்கு இது நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். பிரேக்கை மிதித்தால் ஆயில் உள்ளிருந்து பிஸ்டனைத் தள்ளும். "தேவகி, வந்து பிரேக்க மிதிமா!" என்று மனைவியைக் கூப்பிடுகிறான். வீட்டுக்குள் தறிச் சத்தம் நிற்கிறது. அவன் தலை நிமிராமல் பிஸ்டனில் விரலை வைத்துக்கொள்கிறான். கார் லேசாக அமிழ்கிறது. பிஸ்டன் நூலளவு நகர்கிறது. "ஆங், அப்டித்தான். இன்னும் மிதி." இரண்டு சின்ன மிதி, பிறகு நீளமாக ஓர் அழுத்தம். தறியை மிதிக்கிற பழக்கத்தில் பிரேக்கையும் இப்படி மிதித்தவன் கலியன். எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை. "இழை அறுந்துட்ச்சிபா, முடிச்சி போட்டுக்கினு இருக்கேன். தோ வரேன்," என்கிறாள் தேவகி, வீட்டுக்குள்ளிருந்து. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வந்து அவன் உள்ளங்கையில் முட்டி நிற்கிறது. பாண்டியன் எழுந்து கண்ணாடி வழியே பார்க்கிறான். ஆளில்லாத இருக்கைக்குக் கீழே, யாரோ காலை எடுத்ததுபோல, பிரேக் மெதுவாக மேலே எழும்புகிறது.